சைலன்சருக்குத் தலை கிடையாது

1

இந்தக் கதை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. ஒரு சனிக்கிழமை காலை பதினொன்று பன்னிரண்டுக்கு என் கைப்பேசியில் வந்து விழுந்தது. பழைய கார் வைத்திருக்கும் பதினெட்டுப் பேர் சேர்ந்த குழு எங்களுடையது. அதில் ஒருவர் எழுதியிருந்தார்:

"சைலன்சர் தலை மேல ஈரமா இருக்கு. பெட்ரோல் வாசனை வருது. ஓட்டலாமா?"

மூன்றே வாக்கியங்கள். அச்சகத்தில் பிழைதிருத்துவது என் தொழில். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி, அதே சிவப்புப் பேனா. மூன்று வாக்கியங்களிலும் என் கண்ணை உறுத்தியது ஒரே ஒரு சொல். அதைத் திருத்தினேன். அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் ஐம்பத்தேழு பதில்கள் வந்தன. அவற்றில் ஒன்றுகூட மூன்றாவது வாக்கியத்துக்குப் பதில் சொல்லவில்லை.

[கடைசி வாக்கியம் முழு உண்மையல்ல. இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். ஏழாம் பகுதியில் திருத்துகிறேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தால் சரி.]

2

தொடக்கம் எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. அடித்துப் போட்டவற்றை மறைக்காமல் காட்டுகிறேன்.

'மதியம் ஒன்று ஐந்துக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் பழைய கார் ஒன்று தீப்பிடித்தது.' இது செய்தித்தாள். இந்த மாதிரி வாக்கியத்தை நானே நூறு முறை திருத்தி அனுப்பியிருக்கிறேன். இதில் கார் இருக்கிறது, மேம்பாலம் இருக்கிறது, ஆள் இல்லை.

'நெருப்புக்கு எந்த உறுப்பின் பெயரும் தெரியாது.' எழுதியவுடன் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அதனாலேயே அடித்தேன். இந்தக் கதையில் நான் ரசிக்கும்படியான வாக்கியம் எதையும் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

'அவருடைய மனைவி மருந்துக் கடை வாசலில் கைப்பையோடு நின்றுகொண்டு' 

இதை முடிக்கவே முடியவில்லை. மூன்று நாள் அந்த இடத்திலேயே நானும் நின்றேன். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டேன். நல்ல தொடக்கம் இனி வராது. நேராக ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

3

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'நிதானம்'. சாலையின் ஓரத்தை ஒட்டி, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டுவார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தால் கையை வெளியே நீட்டி, போங்க போங்க என்று வழிவிடுவார்.*

[* வயதில் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். ஆனாலும் குழுவில் எல்லோரும் அவரை 'நீ, வா, போ' என்றுதான் பேசினோம். அதே குழுவில் இருந்த கப்பல்காரரையும் பல் டாக்டரையும் அப்படிப் பேசியதில்லை. இங்கே 'அவர்' போடுவது என் காலம் கடந்த திருத்தம்.]

செருப்புக் கடையில் விற்பனையாளர். நாள் முழுக்க முட்டி போட்டு அடுத்தவர் காலைப் பிடித்து அளவு பார்க்கிற வேலை. அதனாலோ என்னவோ எதையும் உடம்பாகத்தான் பார்த்தார். காற்று வடிகட்டி அவருக்கு 'மூக்கு'. கார்புரேட்டர் 'தொண்டை'. என்ஜினில் எரிந்த புகை வெளியே வரும் இடத்தில் கனமான இரும்புக் குழாய்த் தொகுதி ஒன்றை முடுக்கியிருப்பார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும். முறையான பெயர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். அங்கே கிளம்பும் புகை வண்டிக்கு அடியில் ஓடி, வால்பக்கம் இருக்கும் சைலன்சரில் போய்ச் சத்தம் அடங்கும். வால் அங்கே என்றால் தலை இங்கேதானே என்பது அவர் கணக்கு. ஆக, 'சைலன்சர் தலை'.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குழுவிலேயே இருந்த ஒர்க்‌ஷாப்காரரின் முற்றத்தில் கூடுவோம். பானட்டுகளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். பேச்சில் பாதி, எதற்கு எது பெயர் என்பதுதான். என்ஜின் என்பதா மோட்டார் என்பதா என்று இரண்டு ஞாயிறு போனதுண்டு. ஒரு தடவை கப்பல்காரரின் வண்டி திணறியபோது நிதானம் காதை வைத்துக் கேட்டுவிட்டு மூக்கடைப்பு என்றார். எல்லோரும் சிரித்தோம். வடிகட்டியைக் கழற்றினால் உண்மையிலேயே அடைத்துத்தான் இருந்தது. அதன் பிறகும் எங்கள் நினைவில் நின்றது மூக்கடைப்பு என்ற சொல்தான், அவர் கண்டுபிடித்தது அல்ல.

சிரிப்பு அவருக்கு உறைக்காமல் இல்லை. ஷூ பெட்டிகளின் மூடியைக் கத்தரித்து, உள்பக்கம் உறுப்புகளின் சரியான பெயர்களை எழுதி, கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மனப்பாடம் செய்வார் என்று பிறகு தெரிந்தது. அந்த அட்டைகளை நான் பார்த்தேன். அழகான கையெழுத்து. 'மேனிஃபோல்ட்' என்பதில் மட்டும் 'ஃ' விட்டுப்போய், பிறகு மேலே நுணுக்கிச் சேர்த்திருந்தார்.

4

அந்த ஐம்பத்தேழு பதில்களையும் இங்கே போட்டால் கதை படுத்துவிடும். முக்கியமானதைச் சொல்கிறேன்.

முதல் பதில் என்னுடையது. பதினொன்று பதினான்கு. 'முதலில், சைலன்சருக்குத் தலை கிடையாது' என்று எழுதினேன். பதினோரு பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள். ஒவ்வொன்றும் விழ விழ எனக்குள்ளே குளிர்ந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

அடுத்து கப்பல்காரர். முப்பது வருடம் கப்பல்களின் என்ஜின் அறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், வேறு பெயரே கிடையாது என்று முற்றுப்புள்ளி வைத்தார். பல் டாக்டர் விடவில்லை. வெளிநாட்டில் படித்த காலத்தில் அங்கே அதை ஹெடர் என்பார்கள் என்றார். அது மட்டுமல்ல, சைலன்சர் என்பதும் எல்லா நாட்டிலும் செல்லாது, மஃப்ளர் என்றும் சொல்வதுண்டு என்றார். கப்பல்காரருக்குச் சுருக்கென்று ஏறியது. மேனிஃபோல்ட் வார்த்து எடுத்தது, ஹெடர் தனித்தனிக் குழாயாக வளைத்துப் பற்றவைத்தது, இரண்டையும் குழப்புகிறவர் தயவுசெய்து பல்லை மட்டும் பார்க்கட்டும் என்று எழுதினார். யாரோ இரண்டு என்ஜின் படங்களைப் போட்டார்கள். யாரோ அம்புக்குறி வரைந்தார்கள்.

பன்னிரண்டு ஐந்துக்கு நிதானம் ஒரு வரி எழுதினார். "ஷூவுக்கு நாக்கு இருக்கிறப்ப சைலன்சருக்குத் தலை இருக்கக் கூடாதா?"

நல்ல கேள்வி. இன்றைக்குப் படித்தாலும் நல்ல கேள்வி. அப்போது அதைக் கண்டுகொண்டவர் யாருமில்லை. ஏனென்றால் அதற்குள் நான் தமிழில் அதற்கு என்ன சொல்லலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். 'வெளியேற்றுப் பன்மடி' என்றேன். பன்மடி என்றால் என்ன, மடித்த வேட்டியா என்றார் ஒருவர். கூட்டுக்குழாய் என்றார் இன்னொருவர். பன்மடியா, கூட்டுக்குழாயா என்று மட்டும் பதினான்கு பதில்கள்.

படிக்கும் உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். ஒருவேளை அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று எங்களுக்குப் புரியாமல் இருந்திருக்குமோ? இல்லை. முதல் நொடியிலேயே எல்லோருக்கும் புரிந்தது. புரியாத சொல்லைத் திருத்த முடியாது.

கொதிக்கும் இரும்பின்மேல் பெட்ரோல் சொட்டுகிறது என்று ஒரு மனிதர் எழுதியிருந்தார். நாங்கள் அந்த இரும்புக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தோம்.

5

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாக எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்துவிட்டேன். அவற்றில் நெருப்பை நன்றாக வர்ணித்திருந்தேன்.

சனிக்கிழமைகளில் அவருடைய மனைவிக்கு மருந்துக் கடையில் அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்கு வாசலில் நிற்பார். நிதானம் தன் கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய் அவரை வீட்டில் விட்டுத் திரும்புவார். அன்றும் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினார். மேம்பாலத்தின் ஏற்றத்தில் பானட்டின் இடுக்கிலிருந்து புகை வந்தது. ஓரமாக நிறுத்தினார். இறங்கினார். என்ன என்று பார்க்க பானட்டைத் தூக்கினார்.

தூக்கக் கூடாது. உள்ளே தீ இருந்தால், திறந்தவுடன் காற்றுப் புகுந்து முகத்தில் பாயும். எங்கள் பதினெட்டுப் பேரில் பாதிப் பேருக்காவது இது தெரியும். அதையும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. அதில் சர்ச்சை செய்ய எந்தப் பெயரும் இல்லை.

ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பத்தாம் நாள் காலை போய்விட்டார்.

அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னார்: "தீயணைப்பு வண்டி எங்க கடை முன்னாடிதான் போச்சு. அவர் அதுக்கு வழிவிட்டு எங்கயாவது ஓரமா நின்னுட்டிருப்பார்னு நினைச்சேன். அதான் லேட்டுன்னு."

6

இந்த இடத்தில் எனக்குப் பல் டாக்டர் மீது சந்தேகம். அதாவது, பாத்திரமாக. அவரை நான் கொஞ்சம் மோசமாக எழுதியிருக்கிறேனோ? உண்மையில் செய்தி வந்தவுடன் முதலில் மருத்துவமனைக்கு ஓடியவர் அவர்தான். தெரிந்த டாக்டர்களிடமெல்லாம் பேசினார். ஒன்பது நாளும் மாலையில் வந்து நின்றார். கப்பல்காரர் குழுவிலிருந்து சொல்லாமல் விலகினார். வண்டியை ஒரு தார்ப்பாயால் மூடினார், இன்றுவரை எடுக்கவில்லை. கதையில் அவர்களை வெறும் வாயாடிகளாக விட்டுவிட்டால் என் பங்கு சின்னதாகத் தெரியும். அந்தக் கள்ளத்தனம் என் கை தானாகச் செய்வது. கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஒர்க்‌ஷாப்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குழுவில் இருந்தாரே தவிர எதையும் படிப்பதில்லை. எழுத்துப் பொடியாக இருக்கிறது என்பார். கருகிய அந்த வண்டி அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வந்தது. நான் போனபோது என்ஜின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் வரும் ரப்பர் குழாய் காய்ந்து வெடித்திருக்க வேண்டும் என்றார். கை நீளம் குழாய், கால் மணி நேர வேலை. பெட்ரோல் சொட்டிய அந்த இரும்புக்கு உங்கள் வேலைப் பையன்கள் என்ன பெயர் சொல்வார்கள் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வாய் தானாகக் கேட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பசங்க பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க. கையை நீட்டிக் காட்டுவாங்க," என்றார். மறுபடி என்ஜின் பக்கம் திரும்பி, "எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம் அவன். தப்பா சொல்லிடுவோம்னு பயந்திருப்பான்," என்றார்.

7

இப்போது முதல் பகுதியின் பிழையைத் திருத்துகிறேன்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு நிதானம் மறுபடி எழுதினார். அட்டையைப் பார்த்து எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன், 'ஃ' சரியாக இருந்தது.

"எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் மேலதான் ஈரம். கிளம்பட்டுமா?"

அடுத்த நிமிடம் நான் பதில் போட்டேன். இரண்டு சொற்கள்.

"இப்ப சரி."

பெயர் இப்போது சரி என்று நான் சொன்னேன். அவர் கேட்டது வேறு. அவர் "நன்றி" என்று எழுதினார். எழுதிவிட்டுக் கிளம்பினார். மற்றவர்கள் பன்மடியில் மும்முரமாக இருந்தார்கள். அந்த இரண்டு சொற்களை யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கவனித்தவர்களும் பிறகு வாய் திறக்கவில்லை. அவரவருக்கு மறைக்க அவரவர் பதில்.

மேம்பாலச் செய்தி எனக்கு இரண்டு மணிக்கு வந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று எழுதினால் பொய். கை ஓடியது. மருத்துவமனைக்கு எந்த வழியாகப் போவது என்று யோசிப்பதற்கு முன்பே, குழுவைத் திறந்து, அந்தப் பதிலைத் தேடி, எல்லோருடைய கைப்பேசியிலிருந்தும் அழித்தேன். பிறகுதான் செருப்பு மாட்டினேன்.

7-அ

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். நிதானத்தின் கைப்பேசி காரில் இல்லை. கிளம்பும் அவசரத்தில் செருப்புக் கடை மேஜையிலேயே விட்டுப் போயிருந்தார். அதில் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டீர்கள் என்று பார்த்தேன், ஒரு வார்த்தையும் விளங்கவில்லை, வந்து சொல்லித் தர முடியுமா என்று கேட்டார்.

போனேன். மூன்றாவது மாடி. முன்னறையில் ஒரு மேஜை, அதன்மேல் மகளின் கல்லூரிப் புத்தகங்கள், பக்கத்தில் அந்தப் பெட்டி மூடி அட்டைகள். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் கைப்பேசி. விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் கேட்டார். இது என்ன, இது என்ன. மேனிஃபோல்ட் என்றால் என்ன என்று சொன்னேன். ஹெடர், மஃப்ளர், பன்மடி எல்லாம் சொன்னேன். பாடம் எடுப்பது போல இருந்தது. என் குரல் எனக்கே நன்றாகக் கேட்டது.

சைலன்சருக்குத் தலை கிடையாது என்று எழுதியது நான்தான் என்பதைப் பார்த்தார். அடுத்ததற்குத் தள்ளினார்.

முழுவதும் கேட்டு முடித்த பிறகு, "பெட்ரோல் வாசனை வந்தா வண்டியை எடுக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியுமேண்ணா," என்றார். "எனக்குக் காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எனக்கே தெரியும். அவர் என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மருந்துக் கடையிலயும் பேரைத் தப்பாத்தான் சொல்லுவாங்க. நாங்களும் திருத்துவோம். திருத்தறது தப்பில்ல. ஆனா என்ன பண்ணுதுன்னு கேட்டுட்டுத்தான் திருத்துவோம்."

பிறகு கடைசிக்குத் தள்ளினார். கிளம்பட்டுமா என்ற கேள்வி. அதற்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற வரி. அதற்குக் கீழே அவர் போட்ட நன்றி.

"இது நீங்கதானே. என்ன எழுதியிருந்தீங்க?"

இந்த இடத்தை நான் ஆறு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் அந்த இரண்டு சொற்களைச் சொல்லிவிட்டு எழுந்து போகிறேன். ஒன்றில் கரெண்ட் போகிறது [வெட்கம்]. நடந்தது என்னவோ இதுதான். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"வண்டியை எடுக்காதீங்கன்னு எழுதியிருந்தேன்மா," என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அதை எதுக்கு அழிச்சீங்க?"

"சொல்லியும் கேக்காம போனார்னு நாலு பேர் பேசுவாங்க. அவருக்கு அந்தப் பேர் வேண்டாம்னுதான்."

இவ்வளவு சுத்தமான ஒரு வாக்கியம் என்னிடமிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஒரு பிழை இல்லை.

அவர் கண் நிறைந்தது. என் கையைத் தொட்டு, நீங்க ஒருத்தராவது சொன்னீங்களே அண்ணா என்றார். பிறகு கைப்பேசியை மறுபடி எடுத்து அந்த 'நன்றி'யைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நன்றின்னு போட்டிருக்கார். போட்டுட்டு எப்படி எடுத்தார்?"

நேரமாகிவிட்டது என்று நினைத்திருப்பார் என்றேன். சும்மா வாயில் வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

"ஒரு மணிக்கு வந்துடுங்கன்னு நான்தான் சொல்லிட்டு வந்தேன்," என்றார் அவர். "போன வாரம் லேட்டா வந்தார்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டேன்."

8

பொய் ஒரு தடவை சொல்வதோடு முடிவதில்லை. அது வீடு வீடாகப் போகிறது. ஒர்க்‌ஷாப்காரர் காதுக்குப் போனது. அவர்தான் எதையும் படிப்பதில்லையே, நம்பினார். நீ ஒருத்தனாவது எடுக்காதேன்னியே என்று என் தோளைத் தட்டினார். கையில் கிரீஸ் இருந்தது, சட்டையில் ஒட்டிக்கொண்டது. அந்தச் சட்டையை அதன் பிறகு நான் போடவில்லை.

பல் டாக்டருக்கும் செய்தி போயிருக்கும். ஒரு நாள் வழியில் பார்த்தோம். அவர் ஏதோ கேட்க வந்தவர் போல வாயைத் திறந்தார். பிறகு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வானம் வெளுத்திருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு ஞாயிறு காலை, இந்தக் கதையின் முதல் ஏழு பகுதிகளையும் ஓர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். மகள் கதவைத் திறந்தாள். எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தாள். போகும்போது, மதியம் வந்துவிடுவேன், மணி இரண்டு ஆகும் என்றாள். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"மணியெல்லாம் சொல்லாதே. வரும்போது வா."

மகள் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். அம்மா இப்போது யாரையும் ஒரு நேரம் சொல்லி வரச் சொல்வதில்லையாம். கடையிலிருந்து வீட்டுக்கு நாற்பது நிமிடம் நடந்தே வருகிறாராம். ஆட்டோவுக்குச் சொன்னால் அவர்களும் அவசரமாக வருவார்களாம். பால்காரர் தாமதமாக வந்தால்கூட, பரவாயில்ல, மெதுவா வாங்க, மெதுவா வாங்க என்று இரண்டு மூன்று தடவை சொல்கிறாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள், "அப்பா கொஞ்சம் கேட்டிருக்கலாம் அங்கிள் நீங்க சொன்னதை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றித் தெரிந்த ஒரு சேதியைச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் காப்பி கொண்டு வந்தார். இருபது நிமிடம் இருந்தேன். மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம். உறை பையில்தான் இருந்தது. வெளியே வந்தபோதும் பையில்தான் இருந்தது.

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: அவர் மனைவிக்கு எல்லாம் முன்பே தெரியும். கிளம்புவதற்கு முன் நிதானம் கடைத் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டு, 'இப்ப சரின்னு சொல்லிட்டாங்க, வந்துடறேன்' என்று சொல்லியிருக்கிறார். ஆக, நான் பொய் சொன்னபோது அவர் தெரிந்தே கேட்டுக்கொண்டிருந்தார். எழுதிப் பார்த்தேன். அருமையாக வந்தது. ஆனால் அவருக்குத் தெரியும் என்றால் நான் சொல்ல வேண்டியதில்லை. இது கதைக்கான முடிவு அல்ல, எனக்கான முடிவு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: நான் போய்ச் சொல்கிறேன். அவர் கதவைச் சாத்துகிறார். அடுத்த சனிக்கிழமை

இல்லை. கதவைச் சாத்துவாரா, என்னை அடிப்பாரா, ஒன்றும் சொல்லாமல் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போவாரா, எனக்குத் தெரியாது. அவருடைய முகத்தில் நானாக ஓர் உணர்ச்சியை எழுதி ஒட்ட என்னால் முடியவில்லை. ஒரு தடவை அந்த வீட்டில் கற்பனை செய்தது போதும்.

மூன்றாவது: நான் சொல்லவில்லை. வருடங்கள் போகின்றன. மகள் தன் பிள்ளைகளிடம், உங்கள் தாத்தா சொன்ன பேச்சைக் கேட்காமல் போனவர் என்று சொல்கிறாள். இதை எழுத எந்தச் சிரமமும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாகவே இப்படி ஆகிவிடும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஒரு பத்திரிகை இந்தக் கதையைக் கேட்டிருக்கிறது. எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகும். மெய்ப்பு என் மேஜைக்குத்தான் வரும். அதில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நிதானத்தின் மனைவி கதை படிக்கிறவர் அல்ல. அவர் கண்ணில் படாமலே போய்விடலாம் என்பது எனக்குத் தெரியும். அது தெரிந்துதான் இவ்வளவு தைரியமாக எழுதினேனோ என்றும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அதையும் அடிக்காமல் விடுகிறேன்.

'இப்ப சரி' என்ற அந்த இரண்டு சொற்களை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும். அவர் இன்றைக்கும் நாற்பது நிமிடம் நடந்து வீட்டுக்குப் போயிருப்பார். அவருக்குத் தெரியாது.